தேறுவாரா, விலகுவாரா? அமெரிக்க பிரைமரியில் தள்ளாடும் வேட்பாளரை எடைபோடும் விதம்

2020 பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜோ பைடனுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம், வாக்குகளில் 8.4 விழுக்காடு. எட்டு ஆண்டுகள் நாட்டின் துணை அதிபராக இருந்தவருக்கு இது தோல்வி என்பதைவிட அவமானம் என்றே சொல்ல வேண்டும். வாக்குப்பதிவு முடியும் வரைகூடக் காத்திராமல் அவர் தென் கரோலினாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அவருடைய கதை முடிந்தது என்று அன்றிரவு தொலைக்காட்சிகளில் பேசியவர்கள் பலர். சரியாக மூன்று வாரங்கள் கழித்து, மார்ச் 3 அன்று, ஒரே நாளில் வாக்களித்த 14 மாநிலங்களில் 10 மாநிலங்களை அவர் வென்றார்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கதையும் அதே போட்டியில் உண்டு. கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் தம் சொந்த ஊரான ஓக்லாந்தில் பிரசாரத்தைத் தொடங்கியபோது ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். ஜூன் மாத விவாத மேடையில் பைடனை அவர் மடக்கிய விதம் நாடெங்கும் பேசப்பட்டது. கருத்துக்கணிப்புகளிலும் கிடுகிடுவென ஏறினார். ஆனால் டிசம்பர் 3 அன்று, எந்த மாநிலத்திலும் ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

ஐந்தாம் இடத்துக்குப் போனவர் எழுந்துவிட, மேடையில் வென்றவர் வாக்குப்பதிவையே பார்க்காமல் வெளியேறியது எப்படி? அமெரிக்க அதிபர் தேர்தலைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கருத்துக்கணிப்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் பார்த்துவிட்டு, பின்தங்கியவரை மனத்தில் அடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை எண் சொல்வது மிகக் குறைவு. தள்ளாடும் வேட்பாளர் ஒருவரின் கதி அவர் கையிருப்பிலும், அடுத்து வாக்களிக்கப் போகும் மாநிலம் எது என்பதிலும், எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதிலும்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும் வழக்கத்துக்குப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சியின் ஆதரவாளர்களான சாதாரண வாக்காளர்களே தங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சாவடிக்குச் சென்று வாக்களிக்கும் முறைக்கு பிரைமரி என்றும், ஊர்க்கூட்டம் போலக் கூடி ஆதரவைக் காட்டும் முறைக்கு காக்கஸ் என்றும் பெயர். இந்த வாக்குகள் நேரடியாக வேட்பாளரைத் தீர்மானிப்பதில்லை. வாக்குகளுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் கட்சியின் தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். அந்தப் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் யாரிடம் சேர்கிறார்களோ அவரே வேட்பாளர். 2020இல் ஜனநாயகக் கட்சியில் இவ்வாறு ஒதுக்கப்பட வேண்டியிருந்த பிரதிநிதிகள் 3,979 பேர். வெற்றிக்குத் தேவைப்பட்டது 1,991. மாநிலங்கள் எல்லாம் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி ஜூன் வரை, ஒன்று, இரண்டு, பிறகு ஒரே நாளில் பதினான்கு என்று வாக்குப்பதிவு படிப்படியாக நடக்கும். ஒரு மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தின் மனநிலையை மாற்றிவிடும்.

சறுக்கும் வேட்பாளரை முதலில் அடிப்பது ஒரு கணக்கு. ஜனநாயகக் கட்சியின் விதிப்படி 15 விழுக்காட்டுக்குக் குறைவாக வாக்குப் பெற்றவருக்குப் பிரதிநிதி கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் அன்று பெர்னி சாண்டர்ஸ் 25.6 விழுக்காடும், பீட் புட்டிஜிஜ் 24.3 விழுக்காடும், ஏமி குளோபுச்சர் 19.7 விழுக்காடும் பெற்றனர். அம்மாநிலத்துக்கு உரிய 24 பிரதிநிதிகளும் ஒன்பது, ஒன்பது, ஆறு என்று இம்மூவருக்குள் பங்கிடப்பட்டுவிட்டார்கள். 9.2 விழுக்காடு வாங்கிய எலிசபெத் வாரனுக்கும் 8.4 விழுக்காடு வாங்கிய பைடனுக்கும் பூஜ்யம். ஆக, பத்து விழுக்காட்டில் நிற்கும் வேட்பாளர் இருபதில் நிற்பவரைவிடப் பாதி பலமுள்ளவர் என்று நினைத்துவிடக் கூடாது. பிரதிநிதிகளின் கணக்கில் அவர் பெரும்பாலும் இல்லாதவர்.

இந்த 15 விழுக்காட்டுக் கோட்டைக் கண்ணெதிரே காண வேண்டுமானால் அயோவா மாநிலத்தில் 2020இல் நடந்தது போன்ற காக்கஸ் கூட்டம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். குளிர்கால இரவு ஏழு மணி. பள்ளியின் விளையாட்டுக் கூடம் ஒன்றில் அப்பகுதி ஆதரவாளர்கள் 120 பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் கூடத்தின் ஒரு மூலை. அவரவர் தமக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும், தலை எண்ணப்படும். 120 பேரில் 15 விழுக்காடு என்றால் 18 பேர். நம் வேட்பாளரின் மூலையில் 14 பேர் நிற்கிறார்கள். நான்கு பேர் குறைவு. 2020இன் விதிப்படி, கோட்டைத் தாண்டிவிட்ட மூலைகளில் நிற்பவர்கள் இனி நகர முடியாது. எனவே அந்த நான்கு பேரை, தம்மைப் போலவே கோட்டைத் தாண்டாத இன்னொரு மூலையிலிருந்தோ எந்தப் பக்கமும் சேராமல் நிற்பவர்களிடமிருந்தோ கெஞ்சியும் வாதாடியும் அழைத்து வர வேண்டும். கிடைக்காவிட்டால் 14 பேரும் கலைந்து, தங்களுடைய இரண்டாம் விருப்பமான வேட்பாளரின் மூலைக்குப் போகலாம். அல்லது குளிர்கால மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சற்று முன்வரை ஒருவருக்கு ஆதரவாளர்களாக இருந்தவர்கள் அரை மணி நேரத்தில் அவருடைய போட்டியாளரின் வாக்குகளாக மாறிவிடுகிறார்கள். இந்தக் காட்சியில் ஒரு முக்கியமான பாடம் ஒளிந்திருக்கிறது. முதல் விருப்பமாக எத்தனை பேருக்கு ஒருவர் இருக்கிறார் என்பது பாதிக் கதைதான். மற்றவர்களின் ஆதரவாளர்களுக்கு அவர் இரண்டாம் விருப்பமாக இருக்கிறாரா என்பதே மீதிக் கதை. பைடனைப் பொறுத்தவரை அந்த மீதிப் பாதியே பின்னால் அவரைக் கரை சேர்த்தது.

அந்த ஆண்டு முதலில் வாக்களித்த அயோவாவில் பைடன் நான்காம் இடத்தைப் பிடித்தார். ஆனால் முடிவுகளை அனுப்பப் பயன்படுத்திய செயலி சொதப்பியதால் எண்ணிக்கை நாள்கணக்கில் இழுத்தது. அவர் நான்காம் இடத்துக்குப் போனதைவிட எண்ணிக்கைக் குளறுபடியே பெரிய செய்தியாயிற்று. குழப்பத்தால் ஆதாயம் அடைந்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அது பைடன்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது பணம். வேட்பாளர்கள் வாக்கு குறைந்ததால் விலகுகிறார்கள் என்பது வெளித்தோற்றம். பணம் தீர்ந்ததால் விலகுகிறார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. தொலைக்காட்சி விளம்பரம் மட்டுமல்ல, மாநிலம் தோறும் அலுவலக வாடகை, களப்பணியாளர்களின் சம்பளம், விமானக் கட்டணம், வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கான கையெழுத்து வேட்டை என்று எல்லாவற்றுக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். வாக்கு விழுவதற்கு ஓராண்டுக்கு முன்பே இந்தச் செலவு தொடங்கிவிடும். கமலா ஹாரிஸின் பிரசாரம் தள்ளாடியதும் இங்கேதான். 2019இன் கோடைக்குப் பிறகு நன்கொடை வரத்தைவிடச் செலவு மிஞ்சியது. பால்டிமோரில் இருந்த தலைமை அலுவலகத்தில் ஆள்குறைப்பு நடந்தது. மற்ற மாநிலங்களில் இருந்த ஊழியர்கள் அயோவாவுக்கு மாற்றப்பட்டார்கள். பிரசாரத்தைத் தொடரத் தேவையான நிதி தம்மிடம் இல்லை என்பதையே அவர் விலகல் அறிக்கையில் காரணமாகச் சொன்னார். டிசம்பர் மாத விவாத மேடைக்குத் தகுதி பெற்றிருந்த நிலையிலும் அவர் விலகினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேடை இருந்தது, மேடை வரை போகப் பணம் இல்லை.

எவ்வளவு பணம் என்பதைப் போலவே எப்படிப்பட்ட பணம் என்பதும் முக்கியம். அந்தத் தேர்தலில் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளரின் பிரைமரிக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2,800 டாலர். செல்வந்தர் ஒருவர் முதல் மாதமே அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால், நெருக்கடியான மாதத்தில் அவரிடம் மறுபடி போய்க் கை நீட்ட முடியாது. மாறாக, சாண்டர்ஸுக்கு இணையம் வழியாக இருபது டாலர், முப்பது டாலர் அனுப்பியவர்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். சிறுதுளிகளால் நிரம்பும் கிணறு வற்றுவதற்குக் காலம் எடுக்கும். 'சூப்பர் பேக்' எனப்படும் வெளியமைப்புகள் வரம்பின்றிப் பணம் திரட்டலாம் என்றாலும், அவை வேட்பாளரின் பிரசாரக் குழுவோடு கலந்து திட்டமிடக் கூடாது, குழுவின் சம்பளப் பட்டியலையும் ஏற்க முடியாது. 2016இல் குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ்ஷுக்கு ஆதரவான சூப்பர் பேக் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. மூன்று மாநிலங்கள் வாக்களித்து முடிந்த பிப்ரவரி 20 அன்று அவர் விலகிவிட்டார். 2020இல் தம் சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்த மைக்கேல் புளூம்பெர்க் வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற சிறு தீவுப் பகுதி. ஆகவே பணம் இல்லாதவர் விழுந்துவிடுவார் என்பது உண்மையாயினும், பணம் இருப்பவர் எழுந்துவிடுவார் என்று சொல்வதற்கில்லை.

பணமும் கருத்துக்கணிப்பும் ஒன்றையொன்று கீழே இழுக்கும். எண் குறைந்தால் நன்கொடையாளர் தயங்குவார்; நன்கொடை குறைந்தால் விளம்பரம் குறையும்; விளம்பரம் குறைந்தால் எண் மேலும் குறையும். 2019இல் ஜனநாயகக் கட்சி விவாத மேடைக்கு வைத்த தகுதி இந்தச் சுழலை இன்னும் இறுக்கியது. முதல் விவாதத்துக்கு 65,000 நன்கொடையாளர்களோ கருத்துக்கணிப்பில் ஒரு விழுக்காடோ போதுமானதாக இருந்தது. டிசம்பரில் 2,00,000 நன்கொடையாளர்களும் வேண்டும், நான்கு விழுக்காடும் வேண்டும் என்றாகிவிட்டது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, சில வேட்பாளர்கள் வீட்டை அடகு வைப்பதுவரை போயிருக்கிறார்கள். ஜான் கெர்ரி 2003 டிசம்பரில், ஹோவர்ட் டீனுக்குப் பின்னால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, பாஸ்டனில் இருந்த தம் வீட்டின் பேரில் 64 லட்சம் டாலர் கடன் வாங்கி அயோவாவில் கொட்டினார். அடுத்த மாதம் அயோவாவில் அவருக்கு 38 விழுக்காடு, டீனுக்கு 18. அந்த ஆண்டின் வேட்பாளர் கெர்ரியே.

குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கதை இதைவிட ருசியானது. 2007 ஜூலையில் அவருடைய பிரசாரத்தின் கையிருப்பு சுமார் 20 லட்சம் டாலராகச் சுருங்கியிருந்தது. ஊழியர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பிரசார மேலாளரும் தலைமை வியூக வகுப்பாளரும் ஒரே நாளில் வெளியேறினர். அந்த ஆண்டு நவம்பரில் வங்கிக் கடன் கேட்டபோது, எழுபது வயதைத் தாண்டிவிட்ட அவர் ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும் என்று வங்கி நிபந்தனை விதித்தது. வேட்பாளரின் எதிர்காலத்தைப் பற்றி அரசியல் விமர்சகர்கள் எழுதிய எந்தக் கட்டுரையும் இந்த நிபந்தனை அளவுக்கு வெளிப்படையாகப் பேசியிருக்காது. மெக்கெய்ன் செய்தது ஒன்றுதான்: நாடு முழுக்கப் பரந்திருந்த பிரசாரத்தைச் சுருட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் நியூ ஹாம்ப்ஷயரில் கொண்டுபோய் வைத்தார். ஊர் ஊராகப் பொதுமக்களுடன் கேள்வி-பதில் கூட்டங்கள் நடத்தினார். 2008 ஜனவரியில் அயோவாவில் நான்காம் இடம்; ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் 37 விழுக்காட்டுடன் மிட் ராம்னியை முந்தி முதலிடம்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஹாரிஸும் கடைசியில் எல்லாவற்றையும் அயோவா என்ற ஒரே மாநிலத்தில்தானே வைத்தார்? அவருக்குப் பலிக்காதது மெக்கெய்னுக்கு ஏன் பலித்தது? ஏனெனில் மெக்கெய்னுக்கு நியூ ஹாம்ப்ஷயரில் வேர் இருந்தது. 2000ஆம் ஆண்டிலேயே அங்கே ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தவர் அவர். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத வாக்காளர்கள் விரும்பிய கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்ற அம்மாநில விதி அவருக்கு ஏற்றதாக இருந்தது. அவருக்கு அங்கே மறந்துபோன ஒரு பெயரை மறுபடி நினைவூட்டினால் போதும். ஹாரிஸுக்கோ அயோவாவில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தள்ளாடும் வேட்பாளர் ஒரு மாநிலத்தின் மீது எல்லாவற்றையும் பந்தயம் கட்டுகிறார் என்ற செய்தி வரும்போது, அது கடைசி மூச்சா, கணக்குப் போட்ட நகர்வா என்பதை அந்த மாநிலத்தில் அவருக்கு முன்பே என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். பைடனுக்கு அந்தக் குதிரை மட்டம் தென் கரோலினா. அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். தென் கரோலினாவின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பராக் ஒபாமாவின் துணை அதிபராக எட்டு ஆண்டுகள் இருந்தவர் மீது அவர்களில் மூத்த தலைமுறைக்கு இருந்த பற்று முதல் இரண்டு மாநிலங்களின் முடிவால் பெரிதாகக் கரையவில்லை. இடையில் நெவாடாவில் அவர், சாண்டர்ஸுக்கு வெகு தொலைவில் என்றாலும், இரண்டாம் இடத்துக்கு வந்தார். நான்கு, ஐந்து என்று போன வரிசை திரும்பியது என்ற ஒரு வரிச் செய்திக்கு அது போதுமானதாக இருந்தது. வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, அம்மாநிலக் கறுப்பினத்தவர் மத்தியில் பெரும் செல்வாக்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனை வெளிப்படையாக ஆதரித்தார். பிப்ரவரி 29 அன்று பைடன் 48.6 விழுக்காடு பெற்றார், சாண்டர்ஸ் 19.8. மாநிலத்தின் 46 மாவட்டங்களும் பைடனுக்கே. அதிபர் பதவிக்கு மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருந்த அவர், தம் வாழ்நாளில் ஒரு மாநிலத்தின் பிரைமரியை வென்றது அதுவே முதல் முறை.

இதைப் படித்துவிட்டு, சாதகமான மாநிலம் வரும்வரை காத்திருந்தால் போதும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 2007 முழுக்க குடியரசுக் கட்சிக்கான தேசியக் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி செய்தது அதைத்தான். தொடக்க மாநிலங்களைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ஜனவரி 29 அன்று வாக்களித்த புளோரிடாவையே அவர் நம்பியிருந்தார். அதற்குள் நான்கு வாரங்களாகச் செய்திகளில் வென்றவர்களின் பெயரே அடிபட்டது. புளோரிடா வந்தபோது அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார். முதலிடம் பெற்றவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் என்ற விதி அங்கே இருந்ததால் அவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் விலகினார். பைடன் களத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டு தென் கரோலினாவுக்குப் போனார். ஜூலியானி களத்துக்கு வராமலேயே மறக்கப்பட்டார். தவிர, பைடனின் காத்திருப்பு மூன்று வாரத்துக்கும் குறைவு.

இனி, நான் மிக முக்கியமானதாகக் கருதுவதும் பொதுவாகப் பேசப்படாததுமான அம்சத்துக்கு வருகிறேன். பின்தங்கிய வேட்பாளர் தன்னைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, முன்னணியில் இருப்பவர் எத்தனை விழுக்காட்டில் நிற்கிறார், இடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் முன்னணியில் இருந்தவர் சாண்டர்ஸ். ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வென்றது 25.6 விழுக்காட்டில், 2016இல் ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து இருமுனைப் போட்டியாக நின்றபோது அதே மாநிலத்தில் அவர் பெற்றது 60 விழுக்காடு. 2020இல் மீதி முக்கால் பங்கு வாக்காளர்கள் வேறு யாரையோ விரும்பினார்கள். அந்த வேறு யாரோ நான்கைந்து பேராகச் சிதறிக் கிடந்ததுதான் சாண்டர்ஸின் பலம். சிதறியவை ஒன்றுசேர்ந்தால் ஆட்டம் மாறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்; யார் முதலில் விலகுவது என்பதுதான் எப்போதும் சிக்கல். 2016இல் குடியரசுக் கட்சியில் அந்தச் சிக்கல் கடைசி வரை அவிழவில்லை. தென் கரோலினாவில் டொனால்ட் டிரம்ப் 32.5 விழுக்காடு வாக்குகளில் 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு வாக்களிக்காத மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

2020இல் நான்கு நாட்களில் அது அவிழ்ந்தது. தென் கரோலினா முடிவு வந்த இரவே டாம் ஸ்டேயர் விலகினார். மறுநாள், மார்ச் 1 அன்று, அயோவாவில் முன்னணிக்கு வந்திருந்த புட்டிஜிஜ் விலகினார். மார்ச் 2 அன்று குளோபுச்சர். அன்று மாலையே இருவரும் டெக்ஸஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். விடிந்தால் சூப்பர் செவ்வாய். மொத்தப் பிரதிநிதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாளில். குளோபுச்சரின் சொந்த மாநிலமான மினசோட்டாவில் பைடன் பெரிதாகப் பிரசாரமே செய்திருக்கவில்லை. அங்கே அவர் வென்றார். வாரனின் மாநிலமான மாசசூசெட்ஸிலும் அவரே முதலிடம். விலகாமல் நின்ற வாரன் தம் சொந்த மாநிலத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அந்த வாரத்திலேயே புளூம்பெர்க்கும் வாரனும் விலகிவிட, பதினைந்து விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே தத்தளித்த மனிதர் இருமுனைப் போட்டியின் முன்னணி வேட்பாளராகியிருந்தார். இந்தச் சில நாட்களில் பைடன் முன்பைவிட நன்றாகப் பேசவும் இல்லை, புதிதாக ஒரு திட்டத்தை அறிவிக்கவும் இல்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் நகர்ந்தார்கள்.

முன்னணியில் இருப்பவர் ஏற்கெனவே பாதியைத் தாண்டிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. 2024இல் குடியரசுக் கட்சியின் நிக்கி ஹேலிக்கு நடந்தது அதுதான். அயோவாவில் டிரம்ப் 51 விழுக்காடு, ரான் டிசாண்டிஸ் 21, ஹேலி 19. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி அன்றிரவே விலகினார். அவர் ஆதரவு டிரம்புக்குப் போனது. சில நாட்களில் டிசாண்டிஸும் விலகி, அவரும் டிரம்பையே ஆதரித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஹேலி எதிர்பார்த்த இருமுனைப் போட்டி கிடைத்தது, 43 விழுக்காடும் கிடைத்தது, டிரம்புக்கோ 54. விலகுபவர்களின் வாக்குகள் யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு 2020இல் கிடைத்த பதில் பைடனுக்கு உதவியது. 2024இல் கிடைத்த பதில் ஹேலியைக் கைவிட்டது. நெவாடாவில் நடந்தது தனிக் கூத்து. அங்கே பிரதிநிதிகளை ஒதுக்கியது கட்சி நடத்திய காக்கஸ். டிரம்ப் அதில் நின்றார். மாநில அரசு நடத்திய, பிரதிநிதி எவரையும் தராத பிரைமரியில் நின்ற ஹேலி, 'இவர்களில் யாருமில்லை' என்ற கட்டத்திடம் 30-க்கு 63 என்ற விழுக்காட்டில் தோற்றார். நோட்டாவிடம் தோற்ற பிறகும் அவர் விலகாமல் தம் சொந்த மாநிலமான தென் கரோலினாவிலும் நின்றார். ஆளுநராக இருந்த அந்த மாநிலத்திலேயே இருபது விழுக்காட்டுப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றபோது, அவருக்குப் பின்னால் நின்ற பெரிய நிதி அமைப்பு ஒன்று மறுநாளே செலவை நிறுத்திக்கொண்டது.

எதிர்பார்ப்பு என்ற விந்தையான அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1972இல் எட்மண்ட் மஸ்கி நியூ ஹாம்ப்ஷயரில் முதலிடம் பெற்றார். பக்கத்து மாநிலத்துக்காரர் இன்னும் அதிகம் பெற்றிருக்க வேண்டும் என்று எல்லாரும் கருதியதால் 46 விழுக்காடு வெற்றி தோல்வியாகவே எழுதப்பட்டது. 37 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்துக்கு வந்த ஜார்ஜ் மெக்கவர்ன் இறுதியில் வேட்பாளரானார். 1992இல், அந்தரங்க வாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளில் சிக்கித் திணறிக்கொண்டிருந்த பில் கிளிண்டன் அதே மாநிலத்தில் 25 விழுக்காட்டுடன் இரண்டாம் இடம் பெற்று, அன்றிரவே தாம் மீண்டு வந்துவிட்டதாக மேடையேறி அறிவித்தார். ஊடகங்களும் அப்படியே எழுதின. வாக்கு எண்ணிக்கையைவிட அதற்கு முன்பு எவ்வளவு எதிர்பார்க்கப்பட்டது என்பதே தலைப்பை எழுதுகிறது. ஆனால் இதை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். நல்ல இரண்டாம் இடங்களையே தொடர்ந்து பெற்று யாரும் வேட்பாளர் ஆனதில்லை.

வேட்பாளர் உண்மையிலேயே முடிவை நெருங்கிவிட்டாரா என்பதை அறிய அவருடைய பேச்சைக் கேட்பதில் பயனில்லை. விலகும் நாளின் காலை வரைகூட மாநாடு வரை போவேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கான பயணத் திட்டம் இருக்கிறதா, வரப்போகும் மாநிலங்களில் விளம்பர நேரம் வாங்கியிருக்கிறார்களா அல்லது வாங்கியதை ரத்து செய்கிறார்களா, குழுவின் உட்பூசல் செய்தியாளர்களின் காதுக்கு வரத் தொடங்கிவிட்டதா என்பவற்றைப் பார்க்கலாம். தோற்றுக்கொண்டிருக்கும் குழுவில்தான் யார் காரணம் என்ற வாக்குவாதம் வெளியே கசியும்.

வெல்லும் வாய்ப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் சிலர் நிற்பதற்கு வேறு கணக்குகள் உண்டு. 1976இல் ரொனால்ட் ரீகன், பதவியிலிருந்த ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து முதல் சில பிரைமரிகளில் வரிசையாகத் தோற்றார்; கடன் ஏறியது; விலகுங்கள் என்று கட்சிக்காரர்களே சொன்னார்கள். மார்ச் 23 அன்று வட கரோலினாவில் வென்று, மாநாடு வரை நின்று, 1,187-க்கு 1,070 என்ற நெருக்கமான கணக்கில் தோற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து வேட்பாளரும் அதிபரும் அவரே. சீக்கிரம் விலகுவதும் ஒரு கணக்காக இருக்கலாம். வாக்குப்பதிவுக்கு முன்பே, யாருடனும் கடைசிவரை மோதிப் பகையாகாமல் வெளியேறிய ஹாரிஸைத்தான் பைடன் 2020 ஆகஸ்டில் தம் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீக ஊரான, மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தில் அப்போது பதாகைகள் எழுந்தன. எட்டு மாதங்களுக்கு முன்பு அவர் பணமில்லாமல் விலகியவர் என்பது அந்தப் பதாகைகளில் எதிலும் இருந்திருக்காது.

விலகுபவர்கள் அநேகமாக யாரும் விலகினேன் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பிரசாரத்தை நிறுத்தி வைக்கிறேன் என்பார்கள். கடனை அடைக்க நன்கொடை தொடர்ந்து திரட்டவும், ஏற்கெனவே பெற்ற பிரதிநிதிகளைப் பேரம் பேசும் பலமாக வைத்துக்கொள்ளவும் இந்தச் சொல் வசதியானது. வாக்குச்சீட்டு அச்சாகிவிட்ட மாநிலங்களில் பெயரும் அப்படியே நிற்கும். ஹேலி 2024 மார்ச் 6 அன்று பிரசாரத்தை நிறுத்தினார். இரண்டு மாதங்கள் கழித்து, மே 7 அன்று இண்டியானாவில் குடியரசுக் கட்சியின் பிரைமரி நடந்தபோது, எந்தக் கூட்டமும் நடத்தாத, எந்த விளம்பரமும் கொடுக்காத அவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. தம் பிரதிநிதிகளை டிரம்புக்கு வாக்களிக்கும்படி அவர் விடுவித்தது ஜூலையில்தான்.